முதல் பிடி அரிசி

எங்கள் குடும்பத்தில் பித்தளைச் செம்பு இரண்டு. இரண்டும் ஒரே அளவு, ஒரே பட்டறையில் அடித்தவை. இரண்டின் கழுத்திலும் என் மாமனாருடைய அப்பாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி அண்ணனும் தம்பியும் தனித்தனியாக ஆனபோது, பெரிய மருமகளுக்கு ஒன்று, சின்ன மருமகளுக்கு ஒன்று என்று மாமியார் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பெரிய மருமகள் நான். சின்னவள், என் ஓரகத்தி, அதை வாங்கி ஒரு துணியில்கூடச் சுற்றாமல் பரண்மேல் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தச் செம்புக்கு வருஷத்தில் ஒரு மாதம்தான் வேலை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, செம்புக்கும் நாமம் போட்டு, அதன் கழுத்தில் துளசியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். "கோவிந்தா" என்று குரல் கொடுத்து அரிசி வாங்குவோம். அந்த அரிசியில்தான் பெருமாளுக்குத் தளிகை பொங்கிப் படைப்போம். இதை எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் பிடி அரிசியை, நமக்கு யாரோடு மனஸ்தாபமோ அவர்கள் வாசலில்தான் வாங்க வேண்டும்.

"சண்ட போட்டவ கையால வாங்கலன்னா அது வெறும் ரேஷன் அரிசிடி, பெருமாளுக்கு அதுல ருசியே இருக்காது" என்று மாமியார் சொல்வார்.

பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு வாசலில் செம்பை நீட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். மாமியார் காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. போன வருஷம், குழாயடியில் என்னைக் கண்டபடி பேசிய மாவு மில்காரம்மா வாசலில்தான் முதலில் நின்றேன். காது இரண்டும் சுட்டன. அந்தம்மா இரண்டு பிடி போட்டது.

என் ஓரகத்திக்கு இதெல்லாம் கிடையாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. கழுத்தில் அட்டை, காலில் ஷூ, தெருமுனைக்கே வரும் கம்பெனி பஸ். என் வீட்டுக்காரர் அதே தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் இடத்தில் பதினெட்டு வருஷமாக வேகிறார். அவருக்காக எங்கள் தெருமுனையில் ஒரு பஸ்ஸும் நின்றதில்லை. அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு எரிவது ஷிஃப்டைப் பொறுத்தது. நான் எட்டாவது வரை படித்தவள், அவள் பன்னிரண்டாவது. மறைப்பானேன், அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் சாமி விஷயத்தில் அவளைவிட நான் ஒரு படி மேலே என்று ஒரு நினைப்பு இருந்தது. அதை வைத்துத்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

போன ஆடி மாதம், ஒன்பதாவது படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாள். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். அவர்களுடைய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிற பொருட்களையும், நூலகத்தில் தொட்டால் உதிர்கிற பழைய புத்தகங்களையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்களாம். எந்த ஊர் வகுப்பறையிலும் அதைத் திரையில் போட்டுப் பாடம் நடத்தலாம். இப்போது ஜனங்கள் வீட்டில் புழங்கும் பழைய பொருட்களையும் அதில் சேர்க்கிறார்கள். பொருளை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள், படம் மட்டும்தான். படத்துக்குக் கீழே, இன்னார் வீட்டுப் பொருள் என்று பெயர் போடுவார்கள்.

அந்தக் கடைசி வரியை மகளை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

மூன்று நாள் தேய்த்தேன். புளி, செங்கல் தூள், எலுமிச்சம்பழத் தோல். எப்போதும் வாரத்துக்கு ஒரு முறை தேய்ப்பதுதான், ஆனால் இது படத்துக்குப் போகிற தேய்ப்பு. முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. நாமக்கட்டியால் நாமம் போட்டால் போட்டோவில் மங்கலாகத் தெரியுமோ என்று எனக்குக் கவலை. வீட்டுக்காரரிடம் சொன்னதும், அவர் ஹார்டுவேர் கடையிலிருந்து வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று சின்ன பெயிண்ட் டப்பா வாங்கிவந்தார். டேப் ஒட்டி, கோடு பிசகாமல், நாமத்தின் மூன்று கோடுகளையும் அவரே போட்டார்.

"இன்னாங்க, லாரி நம்பர் பிளேட்டு மாதிரி கீதே?" என்றேன்.

"பெருமாள் எந்த லாரிக்கும் கொறஞ்சவரு இல்ல. காயட்டும், தொடாத" என்றார்.

படம் எடுக்கிற நாள் பள்ளிக்கூட ஹாலில் வெள்ளைத் துணியால் ஒரு சின்னக் கூடாரம் போல அமைத்து, உள்ளே சுற்றுகிற தட்டு ஒன்று வைத்திருந்தார்கள். பொருளைத் தட்டில் வைத்தால் அது மெதுவாகச் சுற்றும். கேமரா விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு போனில் விரலால் தள்ளினால் பொருள் அப்படியே திரும்பிக் காட்டுமாம். பல்கலைக்கழகத்து மேடம், முப்பத்தைந்து வயது இருக்கும், ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசிப் பேசி எழுதிக்கொண்டிருந்தார். நான் செம்பை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஓரகத்தி ஒரு ஜவுளிக்கடைப் பையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கி எனிக்கி வீக்லி ஆஃப், அக்கா. நீ தூக்கினு போறத பாத்தேன். எங்க ஊட்லயும் ஒண்ணு பரண் மேல சும்மா கெடக்குதேன்னு நானும் எட்த்துக்கினு வந்தேன்."

பைக்குள்ளிருந்து வந்தது செம்பு என்று அவள் சொன்னால்தான் தெரியும். கரி போல இருந்தது. வாயில் சிலந்திக் கூடு. இதைப் பத்துப் பேர் நடுவில் எடுக்க இவளுக்குக் கூச்சமே இல்லையா என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மேடம் என் செம்பைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். கழுத்தில் விரலால் தடவினார். நாமத்தை நகத்தால் தொட்டார்.

"ரொம்ப அழகா வெச்சிருக்கீங்கம்மா. இது... பெயிண்டா?"

"ஆமாம் மேடம். அழியவே அழியாது."

அவர் தலையை ஆட்டினார். பிறகு ஓரகத்தியின் கறுப்புச் செம்பை வாங்கினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். முகம் மாறிவிட்டது. கூட வந்திருந்த இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டார். மூன்று தலைகளும் அந்தக் கரிச்சட்டிமேல் கவிழ்ந்தன. பெயர் வெட்டிய புள்ளிகள் ஒன்றுவிடாமல் இருந்தனவாம். பட்டறைக்காரனின் சுத்தியல் தடம் இருந்ததாம். அடியில் எப்போதோ ஒட்டுப் போட்டது அப்படியே தெரிந்ததாம்.

"உங்களுதுல எழுத்தெல்லாம் தேஞ்சு போயிருக்கும்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "தேய்க்கத் தேய்க்க, பழைய அடையாளம் எல்லாம் போயிடும். பசங்களுக்குப் பாடம் நடத்த அந்த அடையாளம்தான் வேணும். இத எடுத்துக்கிறோம். ஒரே ஜோடிதானே, தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைத்துக்கொள்ளாமல் வேறு எப்படி நினைப்பது? பெருமாளுக்கு என்று வாரா வாரம் கை வலிக்கத் தேய்த்தவள் நான். அதனாலேயே என் செம்பு ஆகாதாம். பரணில் போட்டு மறந்தவள் செம்பு பல்கலைக்கழகத்துக்காம். வெள்ளைக் கூடாரத்துக்குள் அவள் செம்பு சாமி புறப்பாடு போல மெதுவாகச் சுற்றியது. அவள் அதைத் தன் போனிலும் படம் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, நல்லவேள நான் சோம்பேறியா இருந்தேன்" என்று சிரித்தாள். அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் பெயிண்ட் அடித்த செம்பைத் தலைப்பால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவளிடம் சரியாகப் பேசவில்லை.

நாலைந்து நாள் கழித்து, நான் கொல்லையில் துணி உலர்த்தும்போது நடுச் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. கையில் போன்.

"அக்கா, அந்த மேடம் போன் பண்ணிச்சி. செம்ப வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க, எப்டி பண்ணுவீங்கன்னு எழுதி அனுப்பணுமாம். எனிக்கி இன்னாக்கா தெரியும்? அரிசி வாங்கறது தெரியும். மொதல்ல யாரு ஊட்டாண்ட போணும்? அதுக்கு ஒரு கணக்கு கீதுல்ல?"

துணியை உதறினேன். உண்மையைச் சொல்ல ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடியில் எனக்குள் என்ன புகுந்ததோ.

"மொத பிடி அரிசி, பெரிய மருமவ கையாலதான் வாங்கணும். அதான் நம்ம வழக்கம்" என்றேன்.

"அப்டியா? அத்த வேற இன்னாமோ சொல்லிக்கினு இருந்த மாதிரி கீதே..."

"அத்தைக்குக் கடைசி வரிக்கும் சோறு ஆக்கிப் போட்டது நானா, நீயா?"

அவள் தலை சுவருக்குக் கீழே போய்விட்டது. உன் செம்பு ஊரெல்லாம் போகட்டும், போகிற இடமெல்லாம் பெரிய மருமகள் என்ற பேரும் கூடவே போகட்டும் என்று எனக்கு ஒரு திருப்தி. அன்று மாலை விளக்கேற்றும்போது மட்டும் பெருமாள் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் மகள் பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, ஸ்மார்ட் கிளாஸ்ல சித்தி ஊட்டு செம்பு வந்துச்சும்மா! சுத்திச் சுத்திக் காட்னாங்க. நம்ம கொள்ளுத் தாத்தா பேரு எவ்ளோ பெருசா தெரிஞ்சிது தெரியுமா? எங்க சித்தின்னு சொன்னேன், எல்லாரும் கைதட்னாங்க."

"நம்ம ஊட்லயும் ஒண்ணு கீதுன்னு சொன்னியா?"

"அதான் பெயிண்ட் அடிச்சிட்டீங்களே."

பிறகு ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். திரையில் பார்த்ததை வைத்து டீச்சர் கேள்வி கொடுத்திருந்தார். ‘இக்குடும்பத்தில் முதல் பிடி அரிசியை மூத்த மருமகளிடம் வாங்குவது ஏன்?’ மகள் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ‘பெரியவர்களுக்கு முதல் மரியாதை கொடுக்க வேண்டும் என்பதற்காக.’ பக்கத்தில் சிவப்பு மையில் டிக். இரண்டுக்கு இரண்டு.

"ஏம்மா, போன வருஷம் நீ மாவு மில்லு ஆயா ஊட்லதான மொதல்ல வாங்குன? ஆனா யூனிவர்சிட்டில போட்ருக்காங்கன்னா அதான் கரெக்டா இருக்கும்னு எழுதிட்டேன்."

என் பொய் என் மகள் கையெழுத்தில் இருந்தது, அதற்கு டிக்கும் விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளும் அதையே எழுதியிருக்கும். இன்னும் எந்தெந்த ஊர் வகுப்புகளில் அது ஓடுகிறதோ. காசு பணத்தில் பொய் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் சொன்னது பெருமாள் காரியத்தில். கர்வம் போவதற்கென்று வைத்த ஒரு கட்டுப்பாட்டை எடுத்து என் கர்வத்துக்குத் தீனி போட்டுவிட்டேன்.

அந்த அமாவாசைக்குத் திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குப் போனேன். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்று, உடம்புக்கு முடியாதவர்கள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். நானும் கால் கிலோ வாங்கிக் கரைத்தேன். உனக்கு என்னம்மா என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டது. நெஞ்சில் எரிச்சல் என்றேன். கேஸ் டிரபிளா இருக்கும், ஓமத்தண்ணி குடி என்றது. வெல்லம் கரைந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, இறங்கியதும் ஓரகத்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். இறங்கிப் பார்த்தால், அவள் தன் வாசலில் நின்று யாரோ ஒரு கம்பெனித் தோழிக்குப் போனில் செம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். நேராக என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை, நான் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, என் செம்புக்குத் துளசி சுற்றிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் முதல் பிடி எங்கே என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மாவு மில்காரம்மாவோடு இப்போது சண்டை இல்லை. வேறு யார் என்று எனக்கே தெரியும். அதனால்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் குரல்.

"கோவிந்தா... கோவிந்தா!"

ஓரகத்தி. மஞ்சள் புடவை, ஈரத் தலை, நெற்றியில் கோணலாக ஒரு நாமம். கையில் அந்தக் கறுப்புச் செம்பு. அதன்மேலும் நாமக்கட்டியால் கோணல் நாமம். அவளுக்குப் பின்னால் பல்கலைக்கழகத்து மேடம், கையில் கேமரா.

"செம்பு புழக்கத்துல இருக்கறதப் படம் எடுத்தா, காலேஜ் பசங்களுக்குப் பாடத்துல காட்டலாம்மா. முதல் பிடி உங்க கையாலதானே? அதான் இங்கேருந்தே ஆரம்பிக்கலாம்னு..." என்றார் மேடம்.

"லீவ் போட்டுக்கினு வந்துகீறேன், சீக்கிரம் போடுக்கா. நாஷ்டா கூட துன்னல" என்றாள் அவள்.

உள்ளே போய் ஒரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு வந்தேன். அவள் செம்பை நீட்டினாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. கை செம்புக்கு மேலே போய் நின்றுவிட்டது. போட்டால் முடிந்தது. என் பொய்க்குப் படமும் சேர்ந்துவிடும். நான் செத்த பிறகும் நான் அரிசி போட்டுக்கொண்டே இருப்பேன். முதல் முறையாகச் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், நான் சொன்னதை நம்பி வந்திருக்கிறாள். விரலிடுக்கில் அரிசி வேர்வையில் ஒட்டியது.

"நிறுத்துங்க மேடம்" என்றேன். "அது வழக்கம் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

மேடம் கேமராவை இறக்கினார். யாரோடு மனஸ்தாபமோ அவர்கள் வாசலில் வாங்குவதுதான் வழக்கம் என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அவள் செம்பை எடுத்து என் செம்பை விட்டது பொறுக்கவில்லை என்று, அவள் முகத்தைப் பார்க்காமல், செம்பைப் பார்த்தே சொன்னேன்.

ஓரகத்தி இடுப்பில் கை வைத்தாள்.

"அதான பாத்தேன்! அத்த சொன்னது ஞாபகம் கீது, நீ போட்ட போடுல மறந்துட்டேன். இப்ப நான் எவள தேடிக்கினு போறது? எனிக்கிதான் யாராண்டயும் சண்டையே இல்லியே." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்க்கா, நீ என்னாண்ட மூஞ்சி குடுத்துப் பேசி ரெண்டு மாசம் ஆவுதில்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப கரெக்டான ஊட்டுக்குத்தான் வந்துகீறேன். போடுக்கா."

மேடம் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, மறுபடி கேமராவைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் பொய் சொல்லி வரவைத்தேன். பெருமாள் அதையே வழியாக்கி, சரியான வாசலுக்கே அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அரிசியைப் போட்டேன். கையில் ஒட்டியிருந்ததையும் தட்டிப் போட்டேன்.

"உன் செம்ப எட்த்துக்கினு வா. நான் ஊட்டாண்ட போய் நிக்கிறேன். எங்க ஊட்ல இட்லி அரிசிதான் கீது, பரவால்லியா?" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சுவரைச் சுற்றி அவள் வாசலுக்குப் போக இருபது அடி இருக்கும். பெயிண்ட் நாமம் வெயிலில் பளபளக்க, செம்பை ஏந்திக்கொண்டு நடந்தேன். மாவு மில்காரம்மா வாசல்கூட இவ்வளவு தூரமாகத் தெரிந்ததில்லை. "கோவிந்தா" என்றேன். முதல் தடவை சத்தமே வரவில்லை. "கேக்கலக்கா, இன்னும் கொஞ்சம் சவுண்டா" என்று உள்ளேயிருந்து அவள் கத்தினாள். இரண்டாம் தடவை தெருவுக்கே கேட்டது. டிபன் பாக்ஸ் மூடியில் இட்லி அரிசி கொண்டுவந்து போட்டாள். அன்று இரண்டு செம்பு அரிசியும் ஒன்றாகத்தான் பொங்கினோம், என் அடுப்பில். குழைந்துவிட்டது. அவளுடைய இட்லி அரிசியால்தான்.

இப்போது அந்தச் செம்புக்குக் கீழே சரியான வழக்கத்தைப் போட்டுவிட்டார்கள். ‘தகவல்: மூத்த மருமகள்’ என்று ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது. நான் அவள் வாசலில் நிற்கிற காட்சியும் படமாக இருக்கிறது. என் செம்பின்மேல் வெயில் பட்டுக் கண் கூசுகிறது, அதில் ஒரு அடையாளமும் தெரியவில்லை. மகளுக்குத்தான் கோபம். டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். இரண்டு மார்க்கை அடித்துவிட்டார்களாம்.

ஆனால் பெரிய எழுத்தில் இருப்பது ஓரகத்தி வீட்டுப் பெயர்தான். அவள் தன் செம்பின் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு, கூடத்தில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறாள். போகும்போதும் வரும்போதும் என் கண் அங்கேதான் போகிறது. வயிறு எரியத்தான் செய்கிறது. விளக்கேற்றும்போது பெருமாளிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்படியே இருந்தால், வருகிற புரட்டாசிக்கும் முதல் பிடி அரிசியை நான் அவள் வாசலில்தான் வாங்க வேண்டும்.